ஜெலாய் ஆற்று மணலில் ஒரு பட்டுப்புடவை

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் செவிலிமேட்டில் ஆற்றைக் கடக்கச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பாலாறு வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலாகத்தான் கிடக்கும். அதில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம், கோபித்துக்கொண்டு போய்ப் படுத்திருக்கிறோம். என்றைக்காவது மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிட்டால் ஊரே பாலத்தில் திரண்டு நிற்கும். டவுன் பஸ் டிரைவர்கூட வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்ப்பார். சிலர் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். ஐம்பத்து நான்கு வயதுவரை ஆறு என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த அறிவோடுதான் மலேசியாவில் குவாலா லிப்பிஸ் என்ற ஊருக்குப் புறப்பட்டேன்.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை வசந்தியின் மகள் யாழினிக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கத்தில் தாய்மாமன் கொடுக்கும் பட்டை உடுத்திக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வருவாள். நான் தறி நெய்கிறவன். உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு. இரண்டு நிறத்தையும் இழைக்கு இழை கோத்து நெய்கிற கோர்வைப் புடவை அது, ஒற்றை ஆளால் ஆகாது. நானும் என் மனைவி செல்வியும் ஒரே தறியில் உட்கார்ந்து நெய்து முடித்தோம். தறியிலிருந்து அறுத்து எடுத்த அன்று செல்வி புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "இத்த குடுக்கசொல்லோ வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசு. அன்னிக்கு மாதிரி நின்னுக்கினு இருக்காதே" என்றாள்.

அன்றைக்கு என்றால் இருபத்தாறு வருடத்துக்கு முன்னால். தன் அக்காவின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மலேசியாவிலிருந்து தனபாலன் என்ற ரயில்வேக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிறகு புடவை வாங்கும் சாக்கில் இன்னும் இரண்டு தடவை வந்தார். மூன்றாவது தடவை, அவர் வருவது வசந்திக்காக என்று எங்கள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, வீடு ரெண்டுபட்டது. வசந்தி என்னிடம்தான் வந்தாள். "நீ ஒரு வார்த்தை சொன்னா அப்பா கேப்பாருண்ணா" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அப்பாவுக்கு முன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவள் தனபாலனோடு போகக் கிளம்பிய காலையில் நான் தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தேன். பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள். வெயில் ஏறுவதற்குள் அவற்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வசந்தி பெட்டியோடு வந்து பாவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் அறுந்த இழையைப் பிணைப்பதுபோல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாள். பாவில் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. இதை நான் செல்வியிடம்கூடச் சொன்னதில்லை.

அதன் பிறகு பேச்சில்லை. போன வருடம் யாழினி எப்படியோ என் நம்பரைப் பிடித்து வாட்ஸப்பில் கூப்பிட்டாள். நடுவில் போன் கைமாறியது. "தாய்மாமன் பட்டு வேணும். நெய்ஞ்சவரே கொண்டாந்து குடுக்கணும்" என்றது ஒரு குரல். அண்ணா என்று சொல்லவில்லை. நான் ஆகட்டும் என்பதற்குள் போன் மறுபடி மருமகள் கைக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காட்டு வழியே போகும் ரயிலில் இருந்தேன். இரண்டு பக்கமும் பச்சை. கண்ணை மூடித் திறந்தாலும் அதே பச்சைதான், நாம் போகிறோமா காடு போகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். மத்தியானம் தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டதாக வண்டி நின்றது. எங்கள் பக்கம் என்றால் இதற்குள் பத்துப் பேர் இறங்கிப் போய் டிரைவருக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. எதிர் சீட்டு மலாய்க்கார அம்மாள் மூங்கில் குழாய் ஒன்றைப் பிளந்தார். உள்ளே தேங்காய்ப்பாலில் வெந்த அரிசி, வாழை இலை சுற்றிச் சுட்டது. எனக்கும் ஒரு துண்டு நீட்டி ஏதோ சொன்னார். அந்தப் பக்கமாக வந்த தமிழ் டிக்கெட் பரிசோதகர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "சாப்பிடச் சொல்றாங்க. மரம் எங்கயும் ஓடிறாதாம்."

சாப்பிட்டேன். தூங்கியும் போனேன். அந்த நேரத்தில்தான் தலைக்கு மேலே ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் என் பையில் இறங்கியிருக்கிறது. பட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றக் கூடாது என்பது எங்கள் பழக்கம், அதற்கும் காற்று வேண்டும் என்போம். புடவையைப் பழைய வேட்டியில்தான் சுற்றி வைத்திருந்தேன். வேறு யாராக இருந்தாலும் ஒரு கவரைப் போட்டிருப்பார்கள், புடவை தப்பித்திருக்கும்.

ஸ்டேஷனில் தனபாலனும் யாழினியும் நின்றார்கள். "வாங்க மச்சான், வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார் தனபாலன். தலை நரைத்து, சட்டைப் பொத்தானுக்கு நடுவே தொப்பை எட்டிப் பார்த்தது. யாழினி குனிந்து காலைத் தொட்டாள். நெற்றியும் மூக்கும் அப்படியே வசந்தி. நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டு வாசலில் வசந்தி நின்றாள். பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "உங்க மாமாவைக் கை கால் அலம்பச் சொல்லு. சோறு ஆறிக்கினு இருக்குது" என்றாள். மலேசியாவில் இத்தனை வருடம் இருந்தும் அவள் பேச்சில் காஞ்சிபுரம் கலையவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எனக்கு நேராக வரவில்லை.

அறையில் பையைத் திறந்தேன். வேட்டி நனைந்திருந்தது. உள்ளே புடவையின் ஒரு பக்கம் முழுக்க ஈரம் ஏறி, பட்டு முடைநாற்றம் வீச ஆரம்பித்திருந்தது. ஈரத்திலேயே கிடந்தால் ஜரிகை கறுக்கும், கறுத்தால் திரும்பாது. வெள்ளிக்கிழமை கல்யாணம். கதவைச் சாத்தி, நாற்காலிகளின் மேல் புடவையைப் பரப்பி, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். இதை வசந்தியிடம் எந்த வாயால் சொல்வது என்றிருந்தது.

புதன்கிழமை தனபாலன் ஊரைக் காட்டினார். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் ஊர். ஒரு கடைத்தெரு, மாடி வைத்த பழைய சீனர் கடைகள், மாடி ஜன்னலில் காயும் துணி, வாசலில் படுத்திருக்கும் பூனை. ஒரு காப்பிக் கடையில் இரண்டு கிழவர்கள் பேப்பரைப் பாதி பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். குன்றின் மேல் வெள்ளைக்காரத் துரையின் பங்களா. அதற்குக் கீழே கச்சேரி என்கிற பழைய அரசாங்க அலுவலகம், அதன் வராந்தாவில் யாருமே இல்லை.

"இதெல்லாம் ரொம்பப் பழசு மச்சான், நூறு வருஷம் இருக்கும்" என்றார் தனபாலன் பெருமையாக. எங்கள் ஊரில் நூறு வருடக் கட்டடத்தை இன்னும் புதுக் கட்டடம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனாலும் தலையாட்டினேன், தங்கை மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது.

ஆற்றங்கரையில்தான் ஊரின் கதை எனக்குப் பிடிபட்டது. பெரியது ஜெலாய், அதில் வந்து கலப்பது லிப்பிஸ். குவாலா என்றால் ஆறு சேரும் வாய் என்றார் தனபாலன். சாலை இல்லாத காலத்தில் ஆறுதான் சாலை. தங்கமும் பிரம்பும் படகில் இறங்கி இங்கே வந்துதான் ஆக வேண்டும். வெள்ளைக்காரன் அந்த வாயிலேயே உட்கார்ந்து, காட்டுக்கு நடுவே இருந்த இந்த இடத்தை மாநிலத்துக்கே தலைநகராக்கினான். பங்களா வந்தது, கிளப் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ரயிலும் வந்தது. தனபாலனின் தாத்தா அந்தத் தண்டவாளத்துக்குக் கட்டை போட்டவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அதைப் பிடுங்கிப் பர்மாவுக்கு அனுப்பிவிட்டான். பிறகு ரயில் திரும்பி வந்தது, ஆனால் தலைநகர் கடலோரத்துக்கு இடம் மாறிவிட்டது. ஊர் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகும் விளக்கை அணைக்க மறந்த கூடம் மாதிரி இருந்தது. எனக்கு என்னவோ அந்த ஊரைப் பிடித்துப்போயிற்று.

மழை குறைந்த மாதம். ஆறு ஒல்லியாகி, நடுவில் வெள்ளை மணல் திட்டு ஒன்று மேலேறிக் கிடந்தது. கணுக்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். பார்த்ததும் என் வயிறு குளிர்ந்தது. அசல் பாலாற்று மணல்.

மத்தியானம் ஆற்று மீன் குழம்பு. துரியான் பழத்தைப் புளிக்கவைத்து அதில் வேகவைத்த மீன். முதல் வாய்க்கு எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. மூன்றாவது வாயில் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். "மாமாவுக்கு ஊத்து" என்று மகளிடம் சொன்னாள் வசந்தி. கரண்டி அவள் கையில்தான் இருந்தது. நான் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அப்போது தனபாலன் ஆற்றைப் பற்றி ஏதோ சொன்னார். "இங்க வெயில் அடிக்கும் மச்சான். மேல கேமரன் மலையில மழை பேஞ்சா ஆறு ஏறிரும். கலங்கல் வந்துச்சுன்னா ஆத்துல நிக்கக் கூடாது." மீனில் முள் எடுத்துக்கொண்டே நான் ஊம் கொட்டினேன்.

அன்று முழுக்கப் புடவை காயவில்லை. அந்த ஊர்க் காற்றே ஈரம். மூடிய அறையில் விசிறி சுழன்று சுழன்று ஈரத்தையே திருப்பித் தந்தது. சாயங்காலம் யாழினி கதவைத் தட்டினாள். "மாமா, அம்மா பட்டைப் பாக்கணுமாம்." நாளைக்கு நல்ல நேரம் பார்த்துத் தருகிறேன் என்று ஒரு பொய் சொன்னேன். கதவுக்கு அந்தப் பக்கம் வசந்தியின் குரல் கேட்டது. "அவருக்கு எப்பவும் நாளைக்குத்தான்."

வியாழக்கிழமை விடியும்போது யாரையும் எழுப்பாமல் புடவையையும் இரண்டு வேட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பாவு காய்கிற நேரம் அது. இளவெயில், மெல்லிய காற்று, பட்டுக்கு அதைவிட மருந்து கிடையாது. ஆற்றின் மேல் பனி படர்ந்திருந்தது. எதிர்க்கரை மரங்கள் வேரில்லாமல் மேலே நின்றன. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரைக் கடந்து திட்டில் ஏறினேன். வேட்டிகளை விரித்து, அதன் மேல் புடவையை நீளமாகப் பரப்பி, ஓரங்களில் கூழாங்கல் வைத்தேன். வெயில் வந்தது. மஞ்சள் மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. ஜரிகை கறுக்கவில்லை. என் உயிர் திரும்பி வந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்தேன். மீன்கொத்தி ஒன்று தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போனது. தூரத்தில் ரயில் ஊதியது. நான் செவிலிமேட்டில் இருக்கிறேனா, வேறெங்கோ இருக்கிறேனா என்பதே மறந்துவிட்டது. அப்பா, தெரு, பாவு, பெட்டியோடு நின்ற பெண், எல்லாம் பனிக்குள் வந்து வந்து போயின. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

முதலில் இலைகள் வந்தன. பிறகு நுரை. பச்சையாக இருந்த தண்ணீர் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறியது. கரையில் வலைக்காரர் ஒருவர் கையை வீசிக் கத்தினார். மலாய் எனக்குத் தெரியாது. காலை வணக்கம் சொல்கிறார் என்று நானும் கையை வீசினேன். அவர் இன்னும் பலமாகக் கத்தினார், நானும் இன்னும் பலமாக வீசினேன். எனக்கு ஒரே பூரிப்பு. ஆற்றில் தண்ணீர் வருகிறது! பாலாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? எழுந்து நின்று, வருகிற தண்ணீரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் தண்ணீர் புடவையின் முனையைத் தொட்டுவிட்டது.

கூழாங்கற்களைத் தள்ளிப் புடவையை வாரினேன். பதினெட்டு முழம், அவசரத்தில் வாரினால் கைக்குள் அடங்குமா? ஒரு பக்கத்தை அள்ளினால் மறு பக்கம் நழுவியது. முனை தண்ணீரில் மிதந்து இழுத்தது. பலமாக இழுத்தால் கோர்வை கிழியும், விட்டால் ஆற்றோடு போகும். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். கணுக்கால் தண்ணீர் இடுப்புத் தண்ணீராகிக்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது.

"அண்ணா!"

கரைச் சரிவில் வசந்தி ஓடி வந்துகொண்டிருந்தாள். படுக்கை காலி, புடவையும் இல்லை, நாற்காலியில் ஈரம் என்றதும் இந்த ஆள் எங்கே போயிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கினாள். "அங்கியே நில்லுண்ணா! அந்த முனைய விட்ராத! நான் இத்தப் புடிச்சிக்கிறேன்!"

இடுப்பளவு தண்ணீரில் வந்து மிதந்த முனையைப் பிடித்துவிட்டாள். வலைக்காரர் அதற்குள் படகை அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் தடியை ஊன்றி நிறுத்தினார். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. புடவையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, தோளால் படகில் சாய்ந்தபடி அடி அடியாகக் கரைக்கு வந்தோம். என் செருப்பும் இரண்டு வேட்டிகளும் ஜெலாய் ஆற்றோடு போயின.

கரையேறியதும் வலைக்காரர் வசந்தியிடம் என்னைக் காட்டி என்னவோ கேட்டார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னாள். என்ன கேட்டார் என்றேன்.

"உங்க ஊர்ல ஆறே கெடையாதான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குது, ஆனா அதுல தண்ணி இருக்காதுன்னு சொன்னேன்" என்றாள். சிரிக்கவில்லை. "நீ செத்துப் போயிருந்தா நான் யார்கூடண்ணா சண்டை போடறது?" என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. ரயிலில் பை நனைந்ததிலிருந்து ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். "அத்த மொதல்லியே சொல்றதுக்கு என்னா" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக் கூடத்தில் மேசை நாற்காலியை ஒதுக்கினோம். சேறு பட்ட முனையை நல்ல தண்ணீரில் வசந்தியே அலசினாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பட்டைப் பிழியாமல் ஒற்றி எடுக்க அவள் கைக்கு மறக்கவில்லை. அரக்குச் சாயம் மஞ்சளில் இறங்கவில்லை. முனையில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மங்கலான தண்ணீர்க் கோடு நின்றது.

"இது உள்ள சொருகற பக்கம். வெளிய தெரியாது" என்றாள் வசந்தி.

"தெரிஞ்சா என்னம்மா? எங்க மாமாவைக் காப்பாத்துன பொடவைலா இது" என்றாள் யாழினி. புடவையை விட்டுவிட்டு ஓடியிருந்தால் நான் எப்போதோ கரையேறியிருப்பேன். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கூடத்தின் நீளத்துக்குப் புடவையை இழுத்துப் பிடித்தோம். ஒரு முனையில் நான், மறுமுனையில் வசந்தி. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே வந்தாள். கோர்வைமேல் விரலை ஓட்டினாள். தெருவில் பாவு பார்க்கிற அதே நிதானம். கடைசியில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எங்களுக்கு நடுவில் புடவை இருந்தது.

"ஒரு இழைகூட அறுந்திடல" என்றேன்.

"அன்னிக்கும் அறுந்திருக்கலண்ணா. நான் பாத்துட்டுத்தான் போனேன்."

நான் குனிந்துகொள்ளவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அன்னிக்கு எனக்குத் தைரியம் இல்லம்மா, வசந்தி" என்றேன்.